கட்டம் போட்ட கைலிக்கு எது ஜோடி?

பழவேற்காடு என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? இறால் வரும். நண்டு வரும். குளிர்காலத்தில் ஏரித் தண்ணீரில் ஒற்றைக் காலில் நிற்கும் பூநாரை வரும்.

மலேசியாவிலோ இந்தோனேசியாவிலோ ஒரு பெரியவரிடம் போய், இதே பெயரைச் சற்றுத் திரித்து "பெலேகாட்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் ஏரியைப் பற்றிப் பேச மாட்டார். தன் இடுப்பைத் தொட்டுக் காட்டுவார்!

அவர் உடுத்தியிருக்கும் கட்டம் போட்ட கைலிக்கு அங்கே அதுதான் பெயர். "பெலேகாட்" என்றால் பழவேற்காடு. இலங்கையில் இதையே "பளையகாட் சாரம்" என்கிறார்கள். ஊருக்கு ஊர் உச்சரிப்பு மாறுகிறது. துணி ஒன்றுதான்.

இவ்வளவு பெயர் பெற்ற உடை, அது பிறந்த கரையில் எப்படி இருக்கிறது? படகில் போகும்போது கட்டுகிறார்கள். வலையைப் பிரிக்கும்போது கட்டுகிறார்கள். வீட்டுத் திண்ணையில் கட்டுகிறார்கள். ஆனால் சித்திரை மாதத்தில் ஊர்த் திருவிழா வந்துவிட்டால், இளைஞர்கள் கைலியை மடித்து வைத்துவிட்டுக் கனத்த ஜீன்ஸ் கால்சட்டைக்குள் புகுந்துகொள்கிறார்கள். கத்திரி வெயிலில் வியர்வை ஆறாக ஓடுகிறது. கேட்டால், "கைலி கட்டிக்கிட்டு திருவிழாவுக்குப் போனா மரியாதையா இருக்குமா?" என்கிறார்கள்.

இருக்கும். கைலியோடு என்ன உடுத்துவது என்று தெரிந்திருந்தால் நிச்சயமாக இருக்கும். இதே கேள்வியை உலகத்தின் மறு கோடியில் இன்னொரு நாட்டு ஆண்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த நாட்டுக்கும் பழவேற்காட்டுக்கும் ஒரு பழைய உறவு உண்டு.

கடல் கடந்த கட்டம்

1610-இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் பண்டகசாலை வைத்தார்கள். 1613-இல் "கெல்டிரியா" என்று ஒரு கோட்டை எழுப்பினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமை இடம் பழவேற்காடுதான். பிறகு அது நாகப்பட்டினத்துக்கு மாறியது.

அவர்களுக்கு வேண்டியது கிராம்பும் ஜாதிக்காயும். அவை கிழக்குத் தீவுகளில் விளைந்தன. அந்தத் தீவுகளின் மக்கள் தங்கள் சரக்குக்கு ஈடாகக் கேட்டது நம் நாட்டுத் துணியை. துணி போனால்தான் கிராம்பு வரும்! ஆகவே உள்நாட்டில் ஊர் ஊராக நெய்த துணி பழவேற்காட்டுத் துறைக்கு வந்தது. கப்பல் ஏறியது. நம் ஊர் முஸ்லிம் வணிகர்களும் தங்கள் கப்பல்களில் துணியைக் கிழக்கே கொண்டுபோனார்கள். எந்தத் துறையிலிருந்து வந்ததோ, அந்தத் துறையின் பெயரே துணிக்கும் ஒட்டிக்கொண்டது. (அதே துறையிலிருந்து டச்சுக்காரர்கள் மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பல் ஏற்றினார்கள். அது தனிக் கதை. துயரமான கதை.)

கட்டத் துணி மேற்கேயும் போயிற்று. அங்கே அது இடுப்புக்கு அல்ல, கழுத்துக்கு. சதுரமான பெரிய கைக்குட்டையாகப் போய் இறங்கியது. ஆங்கிலேயர்கள் அதை "புலிகாட் கைக்குட்டை" என்றார்கள். வெயிலில் உழைப்பவன் கழுத்தில் சுற்றிக்கொள்ளவும், மூக்குப்பொடி போடுகிறவன் கறை தெரியாமல் துடைத்துக்கொள்ளவும் கட்டம் போட்ட வண்ணத் துணி வசதியாக இருந்தது.

விலை போகும் சரக்கைப் பார்த்தால் சும்மா இருப்பார்களா? 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஸ்காட்லாந்து நாட்டில் கிளாஸ்கோ நகரைச் சுற்றி இருந்த நெசவாளர்கள் அதைப் பார்த்துத் தாங்களே தறியில் நெய்யத் தொடங்கினார்கள். அந்தத் துணிக்கு அவர்கள் சொன்ன பெயர் "புலிகேட்". அங்கே எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அந்தப் "புலிகேட்" நெசவால் எரிந்தது. அவர்களில் ஒருவராவது பழவேற்காட்டைக் கண்டிருப்பாரா என்ன? ஆனாலும் தினமும் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு தறி மிதித்தார்கள்.

எட்டு கஜம் கம்பளி!

ஸ்காட்லாந்து ஆண்களின் தேசிய உடை எது தெரியுமா? அதுவும் கட்டம் போட்டதுதான். அதுவும் இரண்டு காலுக்கும் சேர்த்து ஒரே சுற்றாகச் சுற்றுவதுதான். அதன் பெயர் கில்ட்.

முழங்கால் அளவுக்கு வரும். முன்பக்கம் தட்டையாக இருக்கும். பின்பக்கம் நம் வீட்டுப் பெண்கள் சேலைக்குக் கொசுவம் வைப்பதுபோல் மடிப்பு மடிப்பாகத் தைத்திருக்கும். நல்ல கில்ட் ஒன்றுக்கு எட்டு கஜம் துணி வரை பிடிக்கும். அதுவும் கம்பளித் துணி!

ஸ்காட்லாந்து குளிர் நாடு. கம்பளி அங்கே சரிதான். ஆனால் அவர்களுடைய திருவிழாக்கள் கோடையில்தான் நடக்கின்றன. திறந்த மைதானம். பெரிய மரத்தைத் தூக்கி நிறுத்தி எறியும் போட்டி, பை போன்ற வாத்தியம் ஊதும் போட்டி, நடனம். இதற்கு எல்லாரும் கில்ட் கட்டிக்கொண்டு வருகிறார்கள். மரம் தூக்குகிற பயில்வானும் கில்ட்தான் கட்ட வேண்டும் என்பது வழக்கம். அமெரிக்காவில் குடியேறிய ஸ்காட்லாந்துக்காரர்கள் அங்கேயும் இதை நடத்துகிறார்கள். வட கரோலினா மாநிலத்தில் கிராண்ட்ஃபாதர் மலை என்ற இடத்தில் 1956-லிருந்து இந்தத் திருவிழா நடந்து வருகிறது; இப்போது ஜூலை மாதத்தில் நடத்துகிறார்கள். ஜூலை அங்கே நல்ல கோடை.

எட்டு கஜம் கம்பளியை இடுப்பில் சுற்றிக்கொண்டு வெயிலில் நிற்பது எப்படி? அவர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது. இடுப்புத் துணியை மாற்றுவதில்லை. மற்றதையெல்லாம் குறைத்துவிடுகிறார்கள். கல்யாணத்துக்குப் போடும் கோட்டு வேண்டாம், கழுத்துப்பட்டை வேண்டாம். மெல்லிய பருத்திச் சட்டை அல்லது லினன் சட்டை. கையை முழங்கை வரை சுருட்டி விட்டுக்கொள்ளலாம். முழங்கால் வரை இழுத்துவிடும் கம்பளிக் காலுறையைக் கணுக்கால் வரை தள்ளிவிடலாம். தலைக்கு வெயில் படாமல் அகன்ற விளிம்புத் தொப்பி. சட்டை ஒரே நிறமாக இருக்க வேண்டும். கில்ட்டின் கட்டத்தில் உள்ள ஏதாவது ஒரு நிறம். கட்டத்துக்கு மேல் இன்னொரு கட்டம் கூடாது.

கில்ட்டுக்குச் சட்டைப்பை கிடையாது. காசு வைக்க இடம்? முன்பக்கம் ஒரு தோல் பையைச் சங்கிலியில் கோத்துத் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள். கைலி கட்டுகிறவர்களுக்கு இது புதுமையாகப் படாது. நாலு விரல் அகலத்தில் பச்சை நிற இடுப்பு வார், அதில் பொத்தான் வைத்த பை, அதற்குள் சில்லறை! நம் கடற்கரை ஊர்களில் முஸ்லிம் பெரியவர்கள் கைலிமேல் கட்டி வந்த வார்தான் அது. ஸ்காட்லாந்துக்காரரின் தோல் பை செய்யும் வேலையையும் செய்யும். கைலியை அவிழாமலும் பிடித்துக்கொள்ளும்.

கட்டினால் சிறை!

இன்று கில்ட் கட்டிய மனிதரைப் பார்த்தால் எந்த ஓட்டலும் வாசலில் நிறுத்துவதில்லை. எந்நாளும் இப்படி இருந்ததில்லை.

1746-இல் பிரிட்டிஷ் அரசு ஒரு சட்டம் போட்டது. ஸ்காட்லாந்து மலைநாட்டு மக்கள் கலகம் செய்து தோற்றிருந்த நேரம். மலைநாட்டு உடையை ஆண்களும் சிறுவர்களும் அணியக் கூடாது என்றது சட்டம். முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம் சிறை. இரண்டாம் தடவை பிடிபட்டால் ஏழு ஆண்டுகள் கடல் கடந்த நாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இடுப்பில் கட்டிய துணிக்காக ஏழு ஆண்டுகள்!

1782-இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ நகரத்துக்கு வந்தார். தானே கில்ட் கட்டிக்கொண்டு நின்றார். கால் தெரியக் கூச்சமாக இருந்ததோ என்னவோ, உள்ளே தோல் நிறத்தில் இறுக்கமான காலுறை போட்டிருந்தார்! ஊர் சிரித்தது. ஆனால் மன்னரே கட்டிய பிறகு மற்றவர்களுக்கு என்ன வெட்கம்? பெரிய மனிதர்கள் எல்லாரும் கட்டத் தொடங்கினார்கள். குற்றவாளியின் உடை கோமான்களின் உடையாகிவிட்டது. அதற்கு 76 ஆண்டுகள் பிடித்தன.

நம் ஊரிலும் இடுப்புத் துணிக்காகச் சண்டை நடந்திருக்கிறது. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்பில் நூல் வெளியீட்டு விழா. உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் வேட்டி கட்டிக்கொண்டு போனார். வேட்டிக்கு அனுமதி இல்லை என்று வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். சட்டமன்றத்தில் பெரிய பேச்சாயிற்று. அடுத்த மாதமே தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவந்தது. தமிழர் பண்பாட்டு உடையான வேட்டியையோ, வேறு இந்தியப் பாரம்பரிய உடையையோ காரணம் காட்டி எந்த கிளப்பும் ஒருவரை வெளியே நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் உரிமம் போகும். சிறையும் அபராதமும் உண்டு.

வேட்டி தப்பித்தது. கைலிக்காக யாரும் குரல் கொடுக்கவில்லை. வெள்ளையாக இருந்தால் கௌரவம், கட்டம் போட்டிருந்தால் வீட்டு உடை என்று நாமே பிரித்து வைத்திருக்கிறோம். அதனால்தான் பழவேற்காட்டு இளைஞனுக்கும் கூச்சம்.

திருவிழாவுக்கு எப்படிக் கட்டுவது?

முதலில் துணி. கோடைத் திருவிழாவுக்குப் பருத்திக் கைலிதான் வேண்டும். பாலியெஸ்டர் கலந்தது பளபளக்கும்; வியர்வையை உறிஞ்சாது. பழவேற்காட்டில் ஏரியும் கடலும் இரண்டு பக்கமும் இருப்பதால் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை சீக்கிரம் உலராது. கால்சட்டை காலோடு ஒட்டிக்கொள்ளும். கைலியோ, நடக்க நடக்கக் காற்றை உள்ளே விடும். இந்த ஊர் வெயிலுக்கென்றே பிறந்தது போன்ற உடை.

சாதாரணக் கைலி சுமார் இரண்டு மீட்டர் நீளம். இரண்டு ஓரத்தையும் சேர்த்து மூட்டித்தான் கட்ட வேண்டும். மூட்டாத கைலி படகில் ஏறும்போது பிரிந்து மானத்தை வாங்கிவிடும். கணுக்காலுக்கு இரண்டு விரல் மேலே நிற்கும்படி கட்டினால் போதும். தரையைத் தொட்டால் கடற்கரை மணலையெல்லாம் கூட்டிக்கொண்டு வரும்.

மலாய்க்காரர்களின் கைலியில் ஓரிடத்தில் மட்டும் அழுத்தமான நிறத்தில் ஒரு பட்டை இருக்கும். அதற்கு அவர்கள் மொழியில் "தலை" என்று பெயர். ஆண்கள் அந்தப் பட்டை பின்பக்கம் வருமாறு கட்டுகிறார்கள். நம் ஊரில் அவ்வளவு கணக்கு இல்லை. மூட்டிய தையல் முன்னால் வராமல் பார்த்துக்கொண்டால் சரி.

மேலே என்ன? அரைக்கைப் பருத்திச் சட்டை. வெள்ளை என்றால் எல்லாக் கைலிக்கும் பொருந்தும். நிறம் வேண்டுமென்றால் கைலியில் உள்ள மெல்லிய கோட்டின் நிறத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீலக் கட்டத்தில் மஞ்சள் கோடு ஓடினால் இளமஞ்சள் சட்டை எடுப்பாக இருக்கும். கட்டம் போட்ட சட்டையும் பூப்போட்ட சட்டையும் கைலியோடு சண்டை போடும். சட்டையை வெளியே விட வேண்டும். இடுப்பு முடிச்சை அது மறைக்க வேண்டும். பனியனோடு மட்டும் வருவதுதான் கைலிக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது. கைலி பேரில் குற்றமில்லை.

உள்ளே அரைக்கால் சட்டை கட்டாயம். ஏரிக் காற்று யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு வீசுவதில்லை!

தோளில் ஒரு துண்டு. வியர்வை துடைக்கும், உச்சி வெயிலில் தலைப்பாகையாகும், மணலில் விரித்து உட்காரலாம். தொப்பிக்கு வேறெங்கும் போக வேண்டாம். பழவேற்காட்டுப் பெண்கள் பனையோலையில் கூடையும் பெட்டியும் முடைவதில் பெயர் பெற்றவர்கள். சொன்னால் தலைக்கு ஒரு தொப்பி முடையாமலா இருப்பார்கள்? காலுக்குத் தோல் செருப்பு போதும். கைலிக்குக் கீழே சப்பாத்தும் காலுறையும் போட்டவரைப் பார்த்தால் குழந்தைகள் பின்னாலேயே வரும்.

சிறுவர்களுக்குக் கட்டிவிடும் தாய்மார்கள் கைலியின் மேல் ஓரத்தை அரைஞாண் கயிற்றுக்குள் செருகிச் சுருட்டிவிட வேண்டும். ராட்டினத்தில் ஏறினாலும் நழுவாது.

இனி மடித்துக் கட்டுவது. வேலை செய்கிறபோது முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டலாம். தண்ணீரில் இறங்கும்போதும் கட்டலாம். ஆனால் எதிரே பெரியவர் வந்தால் மடிப்பை அவிழ்த்துவிட வேண்டும். சுவாமி தேர் வரும்போதும், மாதா தேர் வரும்போதும், ஜனாஸா போகும்போதும் அவிழ்த்துவிட வேண்டும். ஒரு வார்த்தை பேசாமல் மரியாதை சொல்கிற வழி இது. கால்சட்டையில் இதற்கு இடமே இல்லை.

எந்த வாசலுக்கு எது?

பழவேற்காட்டில் பள்ளிவாசல், பெருமாள் கோயில், சிவன் கோயில், மாதா கோயில் எல்லாம் உண்டு. பள்ளிவாசலில் சுத்தமான கைலிதான் தொழுகை உடை. வெள்ளிக்கிழமையன்று நீலமும் பச்சையும் வெள்ளையுமாகக் கட்டங்கள் வரிசையாக நிற்கும். ஆனால் தமிழ்நாட்டில் பல கோயில் வாசல்களில் "லுங்கி அணிந்து வரக் கூடாது" என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஆகவே கோயிலுக்குள் போகிறவர்கள் வேட்டி கட்டிக்கொண்டு போவதே நல்லது. தேரோட்டம், படகுப் பயணம், பொருட்காட்சி, பாட்டுக் கச்சேரி என்று வெளியில் நடப்பதற்கெல்லாம் கைலி தாராளமாகப் போகலாம்.

பர்மாவில் ஏப்ரல் மாதக் கொளுத்தும் வெயிலில் தண்ணீர்த் திருவிழா. ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அங்கேயும் கைலி போன்ற உடைதான். அதையே அலுவலகத்துக்கும் கட்டிக்கொண்டு போகிறார்கள். விழாவென்றால் மேலே கழுத்து மூடிய குட்டைச் சட்டை, தலையில் பட்டுத் தலைப்பாகை. முடிந்தது அலங்காரம்!

ஆப்பிரிக்காவில் நைஜீரியா நாட்டின் கடலோரத்தில் கலபாரி என்ற மக்கள் இருக்கிறார்கள். அவர்களும் நீரை நம்பி வாழ்ந்த மக்கள்தான். சென்னைக் கட்டத் துணி அவர்களுக்கு உயிர். "இன்ஜிரி" என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பிறப்புச் சடங்கிலும் அதுதான், இறப்புச் சடங்கிலும் அதுதான். ஆண்கள் விழாவுக்குக் கட்டத் துணியை இடுப்பில் சுற்றி, மேலே முழங்கால் வரை தொங்கும் நீண்ட சட்டை போட்டு, தலையில் தொப்பியும் கையில் கைத்தடியுமாக வருவார்கள். அந்த நடையைப் பார்த்தால் அது வீட்டு உடை என்று எவன் சொல்லுவான்?

வாங்கும்போதும் துவைக்கும்போதும்

இன்று கைலி நெசவு என்றால் குடியாத்தம், குறிஞ்சிப்பாடி என்று வேறு ஊர்களைத்தான் சொல்கிறார்கள். பழவேற்காட்டில் பெயர் மட்டும் மிச்சம். 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி லுங்கி கைத்தறிக்கு ஒதுக்கிய துணிகளில் ஒன்று. ஆனாலும் விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் கடைக்கு வருகிறது. விலை குறைவாக இருப்பதால் அது நெசவாளியின் வயிற்றில் அடிக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் "புலிகேட்" நெய்த ஸ்காட்லாந்துக் கைத்தறிக்காரர்களையும் இப்படித்தான் விசைத்தறி வந்து வீட்டுக்கு அனுப்பியது. 2006-லிருந்து கைத்தறிக்கென்று அரசு முத்திரை இருக்கிறது. வாங்கும்போது அதைத் தேடிப் பாருங்கள்.

புதுக் கைலியை முதல் தடவை தனியாக, கல் உப்பு போட்ட தண்ணீரில் அலச வேண்டும். சாயம் கொஞ்சம் இறங்கும். பயப்பட வேண்டாம். 1960-களில் அமெரிக்கக் கடைகளில் சென்னைக் கட்டத் துணியை "சாயம் போவது உறுதி" என்று விளம்பரம் செய்தே விற்றார்கள். ஒவ்வொரு சலவையிலும் நிறம் கலந்து புதுத் துணியாகத் தெரிகிறதாம்! நம் வீட்டில் வெள்ளைச் சட்டையோடு சேர்த்து ஊறவைத்தால் அந்த விளம்பரம் எடுபடாது.

திருவிழா முடிந்து வந்ததும் கைலியை நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்கி, நிழலில் காய வைக்க வேண்டும். உப்புக் காற்றோடு மடித்து வைத்தால் இழை சீக்கிரம் இற்றுப்போகும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பல கோடைக்கு வரும். கட்டம் மங்கி, துணி பட்டுப்போல் மென்மையாகிவிட்ட பிறகும் பழவேற்காட்டு வீடுகளில் அதை எறிவதில்லை. உத்தரத்தில் கட்டித் தூளியாக்குகிறார்கள். ஊரிலேயே புதிதாகப் பிறந்த குழந்தை அதில் தூங்குகிறது.